ஆள் எண்ணிக்கை: இரண்டு

"கூட வந்தவங்க எங்க?"

ரேஞ்சர் மெர்சர் கேட்டது சாதாரணக் கேள்விதான். ஹேட்டிக்குத்தான் பதில் தெரியவில்லை. அவள்கூட யாருமே வரவில்லை.

டக்கர் ஓடைச் சுற்றுப்பாதை தொடங்கும் இடத்தில், ஒரு கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். காட்டுக்குள் போகிறவர்கள் பெயர், நேரம், எத்தனை பேர் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் தேட ஆள் வரும். அன்று காலை எட்டு மணிக்கு ஹேட்டி எழுதியது இதுதான்: ஹேட்டி பிரெவர், லோர்னா பிக்ஃபோர்டு. ஆள் எண்ணிக்கை: இரண்டு.

லோர்னா என்பது பல் டாக்டரிடம் போன் எடுக்கும் பெண்ணின் பெயர். பிக்ஃபோர்டு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரின் குடும்பப் பெயர். இரண்டையும் சேர்த்தபோது நம்பும்படியான ஒரு மனுஷி கிடைத்தாள்.

பனி உருகும் ஏப்ரல் மாதத்தில் தனியாகக் காட்டுக்குள் போகக் கூடாது என்பது ஹேட்டியின் அம்மா போட்ட சட்டம். ரேஞ்சர் மெர்சரின் சட்டமும் அதுவே. கோடை விடுமுறையில் பாதை செப்பனிடும் குழுவுக்கு மெர்சர் ஆறு பேரை எடுப்பார். பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். ஹேட்டிக்குப் பதினாறு ஆகி ஒன்பது நாள். அந்த வேலைக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். மனு போட்டவர்களை நிற்க வைத்து மெர்சர் சொல்லியிருந்தார்:

"ஞாயித்துக்கிழமைக்குள்ள டக்கர் ஓடையை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. எங்க மரம் விழுந்து கிடக்கு, எங்க பாலம் ஆடுதுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு ரெண்டு பேராப் போங்க. தனியாப் போறவங்களை நான் வேலைக்கு எடுக்கறதில்ல. அவங்களைத் தூக்கிட்டு வர்றதுதான் என் வேலையே."

துணைக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்த தோழி டெஸ், போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றுதான் ஞாயிற்றுக்கிழமை. ஹேட்டி சைக்கிளை எடுத்தாள்.

ஐந்து மைல். நிழல் விழும் இடங்களில் தொடை வரை பனி, வெயில் படும் இடங்களில் கணுக்கால் வரை சேறு, ஓடைக்கு மேலே கைப்பிடி போன ஒரு பாலம். எல்லாவற்றையும் இரண்டு பக்கம் அழகாக எழுதி, மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்தாள். சத்தமில்லாமல் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்பது திட்டம். பெட்டிக்குப் பக்கத்தில் மெர்சர் நின்று பேனாக்கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"பின்னால வர்றாங்க, மேடம்" என்றாள் ஹேட்டி.

"வரட்டும். எனக்கும் பென்சில் சீவி முடியல."

மெர்சர் சீவினார். ஹேட்டி பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரை எதிர்பார்க்கிற மாதிரி நிற்கத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே லேசாக எதிர்பார்ப்பு வந்துவிட்டது.

"மெதுவா நடப்பாங்களோ?"

"ஆமா. பாசி பாத்துக்கிட்டே வருவாங்க. ரிட்டயர்டு டீச்சர். பாசின்னா உயிரு."

மெர்சரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? எந்தப் பாசி?"

"பச்சையா இருக்குமே, அது."

மெர்சர் தலையாட்டினார். பென்சில் சீவி முடிந்தது. இன்னும் பத்து நிமிடம் போனது. அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். எங்கோ மரங்கொத்தி ஒன்று வேலையை நிறுத்தியது. வேறு பதில் இல்லை.

"திருப்பி ஊதக் காணோமே."

"காது கொஞ்சம் மந்தம்" என்றாள் ஹேட்டி. அந்த நேரத்துக்கு அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

மெர்சர் விசிலை மெதுவாகக் கீழே விட்டார். "காது கேக்காது. வயசானவங்க. பனி உருகி ஓடை ரெண்டு பங்காப் பாயுது. இந்த நிலைமையில நீ முன்னால வந்துட்டே."

"அவங்கதான் 'நீ போ, நீ போ'ன்னாங்க. பிடிவாதம்."

"என்ன வயசு?"

"அறுபத்தி... ரெண்டு."

"என்ன உடுப்பு?"

"சாம்பல் கலர் கோட்டு."

மெர்சர் காட்டைப் பார்த்தார். ஏப்ரலில் காடு முழுக்கச் சாம்பல் நிறம்தான். அவர் பெருமூச்சு விட்டதும் ஹேட்டிக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா தொப்பி சிவப்பு" என்றாள், தன்னால் முடிந்த உதவியாக.

"போன் போட்டுப் பாரு."

"போன் வச்சுக்கறதில்ல."

"இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தங்க" என்று மெர்சர் மரியாதையோடு சொன்னார். "எதுல வந்தாங்க? இங்க என் வண்டியும் உன் சைக்கிளும்தானே நிக்குது."

"நடந்து. ஒருவேளை வேற வழியா வீட்டுக்கே நடந்து போயிருப்பாங்க, மேடம். அப்படிச் செய்யற ஆளுதான்."

"வீடு எங்க?"

"தெரியாது."

"அஞ்சு மைல் கூடவே நடந்திருக்கே. வீடு எங்கன்னு கேக்கலியா?"

"பாசியைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க."

மெர்சர் பாதையில் ஐம்பது அடி ஏறிப் போய்க் குனிந்து பனியைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "போனதும் ஒரு ஜோடித் தடம். அந்தப் பக்கமாத் திரும்பி வந்ததும் ஒரு ஜோடித் தடம். ரெண்டும் உன் பூட்ஸ். இன்னொரு ஆளோட தடமே இல்லியே, பொண்ணே?"

ஹேட்டி மாட்டிக்கொண்டாள். ஆனால் ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. இதோடு எல்லாம் வெளியே வந்துவிடும். வாயைத் திறந்தாள். வாய் தன் இஷ்டத்துக்குப் பேசியது.

"நான் மிதிச்ச குழியிலயேதான் அவங்க காலை வைப்பாங்க."

மெர்சர் அவள் பூட்ஸைப் பார்த்தார், மறுபடி பாதையைப் பார்த்தார்.

"புத்திசாலி" என்றார் கடைசியில். "பனி இளகிக் கிடக்கறப்போ அப்படித்தான் நடக்கணும். இருபது வருஷமா நானும் கத்தறேன், இந்த ஊர்ல ஒருத்தர் காதுலயும் ஏறல. இவ்வளவு விவரமான மனுஷி காரணமில்லாம பாதையை விட்டு விலகமாட்டா." வாக்கிடாக்கியை எடுத்தார். "எங்கேயோ விழுந்திருக்கா."

இரண்டரை மணிக்குள் தன்னார்வலர்கள் பத்தொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். கயிறு, ஸ்ட்ரெச்சர், கம்பளி, காபி எல்லாம் வந்தது. மேப்பிள் மரச்சாற்றில் பாகு காய்ச்சுகிற ஆர்லோ, மேல்சட்டை முழுக்கப் புகை மணக்க வந்து நின்றார்.

"நாப்பது வாளி சாறு காய்ச்சினாத்தான் ஒரு வாளி பாகு. இந்த வருஷத்துக் கடைசிச் சாறு அடுப்புல கிடக்கு. மச்சான்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

"பாத்துக்குவாரா?" என்று ஹேட்டி கேட்டாள்.

"எங்க பாத்துக்குவான்? தூங்குவான். அடிப்பிடிச்சுக் கருகும். போகட்டும்மா, உயிரைவிடப் பாகா பெரிசு?"

ஹேட்டி அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்து வந்தது அம்மா. ஒரு பெரிய பிளாஸ்கில் மக்காச்சோள சூப்போடு வந்து, நோட்டைப் பார்த்துவிட்டு, நேரே மகளைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க தனியாப் போயிட்டியோன்னு காலையிலேருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சுடி. ரெண்டு பேருன்னு உன் கையெழுத்துல பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"மா, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. மொதல்ல அந்தப் புண்ணியவதி கிடைக்கட்டும். என் பொண்ணுக்குத் துணையா வந்தவங்க இப்படிக் கிடக்கறாங்களேடி." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சூப்புல மிளகு கம்மியாப் போட்டிருக்கேன். வயசானவங்க பாரு."

மெர்சர் முன்னால் நடந்தார். வழி காட்ட ஹேட்டி பக்கத்திலேயே நடந்தாள். லோர்னாவைக் கடைசியாகப் பார்த்த இடத்தை அவள்தானே காட்ட வேண்டும்? ஓடைக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டி என்று சொல்லி வைத்தாள். இருப்பதிலேயே தூரமான இடம் அதுதான். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தாள்.

"நடுவுல நட!" என்று மெர்சர் திரும்பித் திரும்பிக் கத்தினார். "சேறு இருந்தா சேத்துலயே நட! ஓரத்துல மிதிச்சா பாதை அகலமாயிரும்!"

இருபது பேரும் சேற்றில் நடந்தார்கள். பின்னால் 'சளக்' என்று ஒரு சத்தம்.

"என் பூட்ஸ் போச்சு" என்றார் ஆர்லோ.

"நடுவுல போச்சா, ஓரத்துல போச்சா?"

"நடுவுலதான்."

"அப்ப சரி."

ஹேட்டி எட்டி நடந்து மெர்சரின் தோளுக்கு அருகில் போனாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. "மேடம், உண்மையைச் சொல்லணும்னா, லோர்னான்னு ஒருத்தங்க..."

"இருக்காங்க" என்றார் மெர்சர் திரும்பாமலே. "உயிரோட இருக்காங்க. அப்படித்தான் நினைக்கணும். நான் நடத்தற தேடல்ல 'இல்ல'ங்கற வார்த்தையை ஒருத்தரும் சொல்லக் கூடாது. புரியுதா?"

"புரியுது, மேடம்."

"கூப்பிடு."

"லோர்னா!" என்று ஹேட்டி கூப்பிட்டாள். பத்தொன்பது பேரும் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு முறை அவள் கடமைக்குத்தான் கத்தினாள். மூன்றாவது முறை நிஜமாகவே கத்தினாள். அறுபத்திரண்டு வயது. காது வேறு கேட்காது. கையில் போன்கூட இல்லை. இந்தக் குளிரில் எங்கே விழுந்து கிடக்கிறாளோ, பாவம்.

பாலத்தைத் தாண்டினார்கள். கைப்பிடி இல்லாத பக்கம் மெர்சர் கயிறு கட்டி ஒவ்வொருவராக அனுப்பினார். கீழே ஓடை பழுப்பாகக் கொதித்துக்கொண்டு போனது. "இந்த இடத்தை உன் அறிக்கையில எழுதியிருக்கியா?" என்று நடுப்பாலத்தில் கேட்டார். "எழுதியிருக்கேன், மேடம்." "நல்ல பொண்ணு." அந்த இரண்டு வார்த்தைக்காக ஹேட்டி மூன்று வருடம் காத்திருந்தாள். இப்போது கேட்டபோது ஓடையில் குதித்துவிடலாம் போல இருந்தது.

"இங்கதான்" என்று ஒரு ஹெம்லாக் மரத்தைக் காட்டினாள். எல்லா மரமும் ஒன்றுதான் அவளுக்கு. "இங்கதான் கடைசியாப் பாத்தேன்."

மெர்சர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். "லோர்னா பிக்ஃபோர்டு!"

சரிவுக்குக் கீழே, ஓடைச் சத்தத்துக்கு நடுவிலிருந்து, ஒரு பெண் குரல் வந்தது.

"இங்க! இங்க இருக்கேன்!"

பத்தொன்பது பேர் ஆரவாரித்தார்கள். இருபதாவது ஆள் பக்கத்தில் இருந்த பிர்ச் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் மொட்டைப் பென்சிலால் உண்டாக்கிய ஆள். மாலை நாலு மணிக்குக் குரல் வந்துவிட்டது. ஹேட்டிக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இது பேயைவிட மோசம் என்று பட்டது. பேய் என்றால் ஒரு காலத்தில் உயிரோடாவது இருந்திருக்கும்.

"பாத்தியா?" என்று மெர்சர் அவள் முதுகில் தட்டினார். "நான் என்ன சொன்னேன்?"

சரிவில் ஒரு விழுந்த மரத்தின் மேல் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு கால் கணுக்காலில் பூசணிபோல் வீங்கியிருந்தது. கோட்டு சாம்பல் நிறமேதான். தலையில் தொப்பி இல்லை.

"லோர்னா பிக்ஃபோர்டுதானே?" என்று மெர்சர் மண்டியிட்டுக் கேட்டார்.

அந்த அம்மாள் மெர்சரின் சட்டையில் இருந்த ரேஞ்சர் பட்டையைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். சேற்றில் முக்கியெடுத்ததுபோல் நிற்கும் பத்தொன்பது பேரையும், ஒற்றைக் காலில் பூட்ஸ் இல்லாத ஆர்லோவையும் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நான்தான்."

"காது கேக்காதுன்னு பொண்ணு சொன்னா."

"என்ன?" என்றாள் அந்த அம்மாள் உடனே.

"சிவப்புத் தொப்பி எங்கன்னு கேட்டேன்!" என்று மெர்சர் கத்தினார்.

"ஓடையோட போச்சு. நல்ல தொப்பி." அவள் சோகமாக ஓடையைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் ஹேட்டி தட்டுத்தடுமாறிச் சொன்ன பொய்யெல்லாம் இந்த அம்மாள் வாயில் தண்ணீர் பட்ட சோப்புப்போல வழுக்கிக்கொண்டு போனது.

"நீங்க ரெண்டு பேர்தானே வந்தீங்க? வேற யாரும் இல்லியே?"

"ரெண்டே பேர்தான்" என்றாள் அழுத்தமாக. பிறகு கூட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருக்கும் ஒரே முகத்தைக் கண்டுபிடித்து, ஹேட்டியை நோக்கிக் கை நீட்டினாள். "பயந்துட்டியா கண்ணு? நான்தான் உன்னைப் போன்னு சொன்னேனே."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஹேட்டி பக்கத்திலேயே நடந்தாள். மற்றவர்கள் சேற்றில் கவனமாக இருந்த நேரம் பார்த்துக் குனிந்தாள்.

"நீங்க யாரு?" என்று கிசுகிசுத்தாள்.

"லோர்னா பிக்ஃபோர்டுன்னு சொல்றாங்க."

"அது நான் கட்டி விட்ட பேரு!"

"நல்ல பேருதான். எடுப்பா இருக்கு."

"ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"இங்க பாரு. கால் உடைஞ்சு ஆறு மணி நேரமா உக்காந்திருக்கேன். தூக்கிட்டுப் போக ஆளு வந்து நிக்குது. நீங்க தேடற ஆளு நான் இல்லன்னு சொல்லச் சொல்றியா? கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா?" கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இன்னும் ஏதாவது சொல்லி வச்சிருக்கியா?"

"ரிட்டயர்டு டீச்சர். போன் கிடையாது. பாசின்னா உயிரு."

"பாசியா?" அந்த அம்மாள் முகம் சுளித்தாள். "சரி, விடு."

இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். அம்மா சூப்பை ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். "என் பொண்ணோட போனதுக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?" என்றாள். லோர்னா பிக்ஃபோர்டு, "தங்கமான பொண்ணு. வழியெல்லாம் எனக்குப் பாசி காட்டிக்கிட்டே வந்தா" என்றாள். மெர்சர் நோட்டைத் திறந்து, இரண்டு பெயருக்கு நேராகவும் நேரம் எழுதி, ஹேட்டியின் இரண்டு பக்க அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஜூன் மாசம் முதல் திங்கள். காலையில ஆறு மணி. சொந்தக் கையுறை கொண்டு வா" என்றார். "கூட வந்தவங்களை விடாமத் தேடின பாரு, அதான் எனக்கு வேணும்."

ஹேட்டி தலையை ஆட்டினாள். அன்று காலையிலிருந்து முதன்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. ஆர்லோகூடப் போனில் மச்சானிடம் பேசிவிட்டு, "கருகல! பயல் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கான்!" என்று ஒற்றை பூட்ஸோடு குதித்தார். பத்தொன்பது பேரும் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டார்கள்.

அப்போது நீல வேன் ஒன்று சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாள் அவரைப் பார்த்ததும், அன்று முதன்முறையாகப் பயந்தாள். ஹேட்டியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மதியச் சாப்பாட்டுக்கு வரலன்னதும் காட்டுக்கு அந்தப் பக்கம் மண்ரோட்டுல போய்ப் பாத்தேன். இவ கார் மட்டும் அனாதையா நிக்குது. அங்க பேரெழுத நோட்டும் கிடையாது" என்று அவர் மூச்சிரைக்கச் சொன்னார். "என் சம்சாரம்ங்க!"

"ஒண்ணும் ஆகல சார்" என்றார் மெர்சர். "கணுக்கால் மட்டும்தான். நல்லா இருக்காங்க."

அவர் குனிந்து மனைவியின் நெற்றியில் முத்தமிட்டார். மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். ஹேட்டியின் அம்மாவும் துணைக்கு அழுதாள்.

"கிளம்பலாம்" என்றாள் அந்த அம்மாள். "குளிருது. சீக்கிரம் கிளம்பலாம்."

அவர் எழுந்தார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபது முகமும் முடிந்தது. பிறகு இருட்டிக்கொண்டு வரும் பாதையை எட்டிப் பார்த்தார்.

"கிளம்பலாங்கறேன்ல?" என்றாள் அந்த அம்மாள்.

"யாரைத் தேடறீங்க சார்?" என்றார் மெர்சர்.

"இவ வந்துட்டா, சரி. எடித் எங்க? நான் இன்னும் நேர்ல பாத்ததில்ல. இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு ஏப்ரலும் அந்த எடித்தைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுத்தானே இவ இந்தக் காட்டுக்கு வர்றா!"